ஏழாவது கொக்கி

எனக்குப் பேய் என்றால் பயம் கிடையாது, கரண்ட் என்றால்தான் பயம். தொலைபேசிக் கம்பனி ஒன்றில் பதினொரு வருடமாக டெக்னீஷியன் வேலை. கம்பியில் அடிபட்டுக் கை கருகியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன், பேய் அடித்த ஒருவரையும் பார்த்ததில்லை. போன செப்டெம்பரில் அந்த வீட்டு வாசலில் லொறி நின்றபோதுகூட, சுவரில் பிளக் பொயின்ட் எத்தனை இருக்கும் என்பதுதான் என் ஒரே கவலை.

என் மனைவி யசோதினி டீச்சர். அவளுக்கு ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்திருந்தது. மகள் கிருஷிகாவுக்கு அப்போது ஏழு மாதம். பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிட ஏற்றத்தில், மலைச்சரிவை ஒட்டியிருந்த ஒரு பழைய கட்டடத்தைத் தோட்டத்தில் எங்களுக்கு ஒதுக்கித் தந்தார்கள். நீளமான ஒரே அறை, பலகைத் தரை, தகரக் கூரை. முன்னொரு காலத்தில் அது பிள்ளைக்காம்பராவாம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். தொட்டில் கட்டும் இரும்புக் கொக்கிகள் உத்தரத்தில் வரிசையாக அப்படியே இருந்தன. எண்ணிப் பார்த்தேன், ஏழு. மூன்று பக்கமும் கருங்கல் சுவர். ஏழாவது கொக்கிக்குப் பின்னால் இருந்த சுவர் மட்டும் சீமெந்துக் கல்லால் பிற்காலத்தில் கட்டியது.

சாமான் இறக்க, தொழிலாளர் வரிசை வீடுகளான அடுத்த லயத்திலிருந்து நல்லம்மாக்கா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தனிக்கட்டை. இன்னும் மலைக்கு வேலைக்குப் போகிற உடம்பு. பெட்டிகளைச் சுமந்து வந்து வாசற்படியில் வைத்தாரே தவிர, உள்ளே கால் வைக்கவில்லை.

"உள்ளயே வச்சிருங்கக்கா."

"காலெல்லாம் சேறு தம்பி. நீங்க எடுத்துக்குங்க."

அன்று நல்ல வெயில். அவர் காலில் சேறு இல்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்குப் பின்னேர வேலை. யசோதினி காலை ஏழு மணிக்குப் போனால் ஒன்றரை மணிக்குத் திரும்பும் வரை பிள்ளை என் பொறுப்பு. வாசலுக்குப் பக்கத்தில், முதலாவது கொக்கியில், சேலைத் தொட்டில் கட்டியிருந்தோம். ஒன்பது மணிக்குப் படுத்தால் பத்தரை வரை தூங்குவாள். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில்தான் நான் என் பைத்தியத்தைக் கவனித்தேன்.

பைத்தியம் என்று சொன்னது யசோதினி. பதுளை பஜாரில் பழைய ரேடியோ சாமான் வைத்திருக்கும் ஜுனைதீன் நானாவிடம் ஒரு ரெக்கோர்ட் பிளேயர் வாங்கியிருந்தேன். இசைத்தட்டில் ஊசி உரசி எடுக்கும் ஒலி மிக மிக மெல்லியது. அதைத் தூக்கிவிட, இடையில் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அதை, பழைய ரேடியோவுக்குள் எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வு வைத்து நானே கட்டிக்கொள்ள வெளிநாட்டிலிருந்து ஒரு கிட் வரவழைத்தேன். ஒரு சர்க்கிட் மட்டை, ஒரு ட்ரான்ஸ்ஃபோமர், பொடிப் பொடியாக எழுபத்து சொச்சம் சாமான், பஞ்சில் சுற்றிய மூன்று கண்ணாடி வால்வு.

மூன்று கிழமை ஈயம் பற்றவைத்தேன். வால்வுக்கு இருநூற்றைம்பது வோல்ட் ஓடும். நிறுத்திய பிறகும் உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும். அதனால் ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மறு கையால் மட்டும் தொடுவது என் வழக்கம். அவ்வளவு ஜாக்கிரதையான ஆள் நான்.

பெட்டி முதல் தடவையிலேயே வேலை செய்தது. ஆனால் ஒரு குறை. பலகைத் தரையில் யார் நடந்தாலும் ஸ்பீக்கரில் தொம் தொம் என்று கேட்டது. வால்வைப் பென்சிலால் தட்டினால் மணி அடித்தது போல் ரீங்காரம் வந்தது. ஜுனைதீன் நானாவுக்கு ஃபோன் போட்டேன்.

"உள்ளுக்கு இருக்கிற கம்பி கொஞ்சம் லூஸ் தம்பி," என்றார். "அப்புடியான வால்வு மைக் மாதிரி. ரூமுக்குள்ள என்ன நடந்தாலும் அதுக்குக் கேக்கும். தரையோட ஒட்டாம வைக்கப் பாருங்க."

தரையோடு ஒட்டாமல் வைக்க அந்த வீட்டில் எனக்குத் தோன்றிய வழி ஒன்றுதான். யசோதினியின் பழைய சேலையை ஏழாவது கொக்கியில் தொட்டிலாகக் கட்டினேன். பிளக் பொயின்ட் அந்தப் பக்கம்தான் இருந்தது. தொட்டிலுக்குள் ஒரு பலகை, பலகையின் மேல் பெட்டி. வால்வுகள் துணியில் படாமல் மேலே நின்று மங்கலாக எரிந்தன. கிட்டத்தில் கை வைத்தால் இளஞ்சூடு.

"ரெண்டாவது புள்ளையா?" என்று யசோதினி சிரித்தாள். "இதுக்கும் நான்தான் பேர் வைக்கணுமா?"

மறுநாள் காலை பிள்ளை தூங்கிய பிறகு இயந்திரத்தைப் போட்டேன். தட்டு வைக்கவில்லை. தரைச் சத்தம் போய்விட்டதா என்று பார்க்க ஒலியை முழுக்கக் கூட்டிவிட்டு, நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தேன். சுத்தமான இரைச்சல் மட்டும் கேட்டது. எனக்கு ஒரே சந்தோஷம்.

வெளியே மூடுபனி இறங்கி யன்னலை அடைத்தது. மணி பத்து.

ஸ்பீக்கரில் காலடி கேட்டது.

வெறுங்கால். மெதுவான நடை. வாசல் பக்கம் தொடங்கியது. நான் அறையைப் பார்த்தேன். யாரும் இல்லை.

காலடி முதலாவது கொக்கிக்குக் கீழே நின்றது. சேலை முடிச்சு கிறீச்சிடுவது ஸ்பீக்கரில் கேட்டது. அதே நேரம் என் கண் முன்னால் கிருஷிகாவின் தொட்டில் ஒரு சாண் ஆடி நின்றது.

பிறகு இரண்டாவது கொக்கி. மூன்றாவது. ஒவ்வொன்றின் கீழும் கொஞ்ச நேரம் நின்று, நின்று.

நனைந்த சாக்கும் புளித்த பாலும் கலந்த வாடை என்னைக் கடந்து போனது. காலடி ஏழாவது கொக்கிக்கு வந்து நின்றது. வால்வுகளுக்கு மிகப் பக்கத்தில் யாரோ குனிவது போல ஸ்பீக்கர் முழுவதும் மூச்சுச் சத்தம் நிரம்பியது.

பெட்டி கிடந்த தொட்டில் ஆடத் தொடங்கியது.

எப்படியோ எழுந்து போய் பென்சிலால் வால்வை இரண்டு தட்டுத் தட்டினேன். கோளாறு பார்க்கிறவனின் பழக்கம், வேறொன்றும் தோன்றவில்லை. ஸ்பீக்கரில் டிங், டிங் என்று கேட்டது.

அதற்குப் பிறகு ஒரு பெண் குரல், மிகத் தாழ்ந்த குரலில்:

"உஸ்ஸ்… புள்ளைங்க தூங்குது."

பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே ஓடினேன். யசோதினி வரும் வரைக்கும் வாசலில் பனிக்குள்ளேயே நின்றேன்.

அவளிடம் சொல்லவில்லை. அது என் முதல் மடத்தனம். இப்படியான பெட்டிகள் சில நேரம் பக்கத்து ரேடியோ நிலையத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். அதுதான் இது, ஏதோ நாடகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆடிய தொட்டிலுக்கு மட்டும் விளக்கம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் பெட்டியைத் தொடாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் மலை ஊற்று விழும் பீலியடியில் தண்ணீர் பிடிக்க வந்த நல்லம்மாக்காவிடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"அந்தக் காலத்துல பிள்ளைக்காம்பராவுல யாருக்கா இருந்தது?"

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"செல்லாயி ஆயம்மா. ஏன் தம்பி?"

"சும்மாதான்."

"நல்ல மனுசி. ஆனா ஒரே புடிவாதம். புள்ளைய வச்ச ஆத்தாவே வந்து, பேரச் சொல்லிக் கேட்டாத்தான் குடுக்கும். அப்பன் வந்தாலும் குடுக்காது. யாராச்சும் மாத்தித் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு பயம். பால் குடுக்குற நேரம் பத்து மணி. பத்து மணிக்கு எல்லா ஆத்தாவும் மலையிலேருந்து எறங்கி வருவாங்க." அவர் குரல் அப்படியே தட்டையாக இருந்தது. "முப்பத்தஞ்சு வருசம் இருக்கும். நவம்பர் மாசம், ஒரு கெழமையா விடாத மழை. மேல மண்ணு அசையுதுன்னு சொல்லி எல்லாரும் ஓடி வந்தாங்க. ஆறு ஆத்தாமாரு வந்து ஆறு புள்ளையத் தூக்கிட்டாங்க. ஏழாவது புள்ளையோட ஆத்தா மேமலையில இருந்தா. வர முடியல. அவ தம்பிக்காரன் வந்து யன்னலுக்குள்ள கைய நீட்டி, குடு குடுங்கிறான். ஆத்தா எங்கன்னு கேட்டுக்கிட்டே நின்னுச்சாம் ஆயம்மா. பின் செவரு அப்பத்தான் விழுந்துச்சு."

"அந்தத் தாய் இப்ப எங்க இருக்காங்க?"

வாளி நிறைந்து வழிந்தது. நல்லம்மாக்கா அதை எடுத்துக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தார்.

அன்றிரவு எல்லாவற்றையும் யசோதினியிடம் சொன்னேன். அவள் என்னைக் கேலி செய்யாததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சனிக்கிழமை வீடு மாறுவதாக முடிவு செய்தோம். சனிக்கிழமைக்கு இடையில் இரண்டு நாள் இருந்தது. மழை அதுவரை காத்திருக்கவில்லை.

வியாழன் காலை தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் பிள்ளை நன்றாகத் தூங்கிவிட்டாள். முன்தினம் முழுவதும் அவளுக்குக் காய்ச்சல். வழக்கமாக அவளைத் தொட்டிலில் போடுவது நான்; அன்று வைத்துவிட்டுப் போனது யசோதினி. தூங்கட்டும் என்று நான் விட்டுவிட்டு, பெட்டியைக் கழற்றப் பின்பக்கம் போனேன். அப்போதுதான் பார்த்தேன். சீமெந்துச் சுவரில் கைவிரல் போகும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதன் வழியாகச் செம்மண் தண்ணீர் கசிந்து பலகையில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

திரும்பி ஓடினேன். பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கினேன்.

வரவில்லை.

கண் மூடித் தூங்குகிறாள். நெஞ்சு ஏறி இறங்குகிறது. ஆனால் துணியை விட்டு ஓர் அங்குலம் எழவில்லை. மறுபக்கத்திலிருந்தும் யாரோ அவளைப் பிடித்திருந்தார்கள். இழுக்கவில்லை, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அறைக்கு மறுகோடியில் ஸ்பீக்கர் உயிர் பெற்றது. கரண்ட் இல்லை, பிளக்கை நான்தான் பிடுங்கியிருந்தேன். ஆனாலும் ஏழாவது கொக்கியின் தொட்டிலுக்குள் மூன்று வால்வும் சிவந்து எரிந்தன.

ஸ்பீக்கரில் கிருஷிகா அழுதாள்.

என் மகளின் அழுகை எனக்குத் தெரியாதா? வீறிட்டு, இடையில் விக்கி, மறுபடி வீறிட்டு. ஆனால் என் கையில் இருந்த அவள் முகத்தில் உதடு மூடியபடியே இருந்தது.

"விடுங்க," என்றேன். "நான் இவ அப்பா."

"அப்பன்கிட்ட குடுக்குறதில்ல," என்றது ஸ்பீக்கரில் அந்தப் பெண் குரல்.

"செவரு விழப் போகுது."

"ஆத்தா எங்க?"

ஒரு கையால் பிள்ளையைப் பிடித்தபடியே மறு கையால் ஃபோன் எடுத்தேன். யசோதினியிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பத்து நிமிட ஏற்றம் அது. அந்தப் பத்து நிமிடமும் சுவருக்குப் பின்னால் சின்னச் சின்னக் கல் உருண்டு விழும் சத்தம் கேட்டது. நான் அந்தத் தொட்டிலைக் கட்டிப் பிடித்து அழுதேன். சாமியைக் கூப்பிட்டேன், அந்த ஆயம்மாவின் காலில் விழுவதாகச் சொன்னேன். காலடி மட்டும் முதலாவது கொக்கிக்கும் ஏழாவது கொக்கிக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தது.

யசோதினி செருப்பில்லாமல் ஓடி வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தொட்டிலுக்கு முன்னால் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பேசும் குரலில் தெளிவாகச் சொன்னாள்.

"ஆயம்மா, கிருஷிகாவோட அம்மா வந்திருக்கேன். என் புள்ளைய குடுங்க."

ஸ்பீக்கரில் அழுகை நின்றது. யசோதினியின் கையில் தொடங்கியது. பிள்ளை பூப்போல எழுந்து வந்துவிட்டாள்.

நாங்கள் வாசலைத் தாண்டும்போது ஸ்பீக்கர் மறுபடி அழுதது. இது வேறு குழந்தை. இன்னும் சின்னது, தொண்டை கட்டிப்போன அழுகை.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றது அந்தக் குரல்.

வாசற்படியில் நல்லம்மாக்கா நின்றுகொண்டிருந்தார். டீச்சர் வெறுங்காலோடு ஓடுவதைக் கண்டு பின்னாலேயே வந்திருக்கிறார். கூடை முதுகில் இருந்தபடியே இருந்தது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகத்தைப் பார்த்ததும் அன்று பீலியடியில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, வேணாம்," என்றேன்.

கூடையை இறக்கி வைத்தார். சேற்றுக் காலோடு உள்ளே போனார். முப்பத்தைந்து வருடமாகத் தாண்டாத படி அது. ஏழாவது கொக்கிக்குக் கீழே போய் நின்றார்.

"நேரமாயிருச்சு ஆயம்மா," என்றார். "சிவராசுவோட ஆத்தா வந்திருக்கேன். ஏம் புள்ளைய குடுங்க."

அழுகை நின்றது.

வால்வுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அவர் திரும்பி நடந்து வந்தபோது மார்போடு இரண்டு கையையும் கோத்து வைத்திருந்தார். கைக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பக்கம் சாய்ந்து, பாரம் தாங்கித்தான் நடந்தார்.

அன்று பின்னேரம் பின்சுவர் விழுந்தது. என் பெட்டி, பிளேயர் எல்லாம் மண்ணுக்குள் போனது. நான் தேடிப் போகவில்லை.

இப்போது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறோம். உயிர் தப்பியது பெரிது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு இருந்தோம். இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு காலையில் நல்லம்மாக்கா வந்தார். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை, நேரே உள்ளே வந்தார். கையில் ஒரு பழைய சேலை. எங்கள் மகளின் தொட்டிலுக்குப் பக்கத்துக் கூரை வளையில் அதை வீசிக் கட்டினார்.

"மலைக்குப் போகணும் டீச்சர்," என்றார். "தனியா விட்டுட்டுப் போக மனசு வரல. பத்து மணிக்கு வந்து தூக்கிக்கிறேன்."

யசோதினியால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. மகளைத் திரும்ப வாங்கியவள் அவள், எப்படிச் சொல்வாள்? நல்லம்மாக்கா குனிந்து, வெறுங்கையைத் துணிக்குள் வைத்து மெல்ல எடுத்தார். சேலை முடிச்சு இறுகியது. துணி கீழே தாழ்ந்து நின்றது.

அன்றிலிருந்து தினமும் இதுதான். ஏழு மணிக்கு வைத்துவிட்டுப் போவார். பத்து மணிக்கு வந்து பெயர் சொல்லிக் கேட்பார். துணி எழும். என்னிடம் இப்போது வால்வு இல்லை, அதனால் எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. கிருஷிகாவுக்குக் கேட்கிறது. பக்கத்துத் தொட்டிலைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

இன்று விடியற்காலையிலிருந்து மழை. நல்லம்மாக்காவுக்கு மேமலையில் வேலை. யசோதினி எங்கள் மகளைத் தொட்டிலில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். அவள் தலை மறைந்ததும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்; இன்னும் இறக்கவில்லை. பக்கத்துத் தொட்டில் தாழ்ந்து தொங்குகிறது. கொஞ்ச நேரமாக அது மெதுவாக ஆடத் தொடங்கியிருக்கிறது. நனைந்த சாக்கும் புளித்த பாலும் கலந்த அந்தப் பழைய வாடை அறைக்குள் வந்துவிட்டது.

மணி பத்து இருபது. நல்லம்மாக்கா இன்னும் வரவில்லை.